தாட்சாயணி வேலாயுதன்: முளவுகாட்டிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு

1913ஆம் ஆண்டு கொச்சி சமஸ்தானத்தில் புலையர் மக்கள் ஒரு கூட்டம் போட நினைத்தார்கள். எங்கே போடுவது என்பதுதான் சிக்கல். நிலம் ராஜாவுடையது, இல்லையென்றால் கோயிலுடையது, இல்லையென்றால் ஜன்மிகள் என்ற நிலக்கிழார்களுடையது. பொதுச் சாலையில் நடப்பதற்கே பயந்து ஒதுங்க வேண்டிய மக்கள் பத்துப் பேராக நின்று பேச ஒரு சாண் மண் கிடையாது. அதனால் எர்ணாகுளத்துக் காயலுக்குப் போனார்கள். நாட்டுப் படகுகளைக் கொண்டுவந்து ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டினார்கள். மேலே பலகை போட்டார்கள். தண்ணீரின் மேல் மாநாடு நடந்தது. கேரள வரலாற்றில் அதற்குக் காயல் சம்மேளனம் என்று பெயர். மீனவர் குடியில் பிறந்த பண்டிதர் கருப்பன் அவர்களுக்குத் துணை நின்றார். கொச்சி புலையர் மகாஜன சபை அந்த ஆண்டில்தான் உருவானது.

அந்தக் கூட்டத்தை நடத்தியவர்களில் முளவுகாடு தீவைச் சேர்ந்த ஒரு குடும்பத்து ஆட்களும் இருந்தார்கள். அந்த வீட்டில் அப்போது ஒரு கைக்குழந்தை இருந்தது. 1912 ஜூலை 4ஆம் தேதி பிறந்த அந்தப் பெண் குழந்தைக்குத் தாட்சாயணி என்று பெயர் வைத்திருந்தார்கள். பின்னாளில் இந்திய அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய சபையில் இருந்த ஒரே தலித் பெண் உறுப்பினர் அவர்தான். நாம் இந்த வாரம் எழுதுவது அவரைப் பற்றி.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். நம் ஊர்ப் பழைய வாக்காளர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் தெரியும். சேரித் தெருவில் குப்பனும் மண்ணாங்கட்டியும் இருப்பார்கள், ஊர்த் தெருவில் வேறு பெயர்கள் இருக்கும். கொச்சியிலும் அப்படித்தான். புலையர் வீட்டுப் பெண்களுக்கு அழகி, சக்கி, காளி, குறும்பா என்றுதான் பெயர் வைக்கலாம். தாட்சாயணி என்பது தட்சனின் மகளான தேவியின் பெயர். மேல்சாதி வீடுகளில் மட்டும் கேட்கும் பெயரைப் புலையர் குடிசையில் கூப்பிட்டபோது சுற்றியிருந்தவர்களுக்கு அது வேடிக்கையாகவும் எரிச்சலாகவும் இருந்தது. அந்த வீட்டார் பெயரோடு நிற்கவில்லை. ஆண்கள் முடி வெட்டிச் சட்டை போட்டார்கள். பெண்கள் மேலாடை அணிந்தார்கள். அந்தக் காலத்தில் இது ஒவ்வொன்றுக்கும் அடி விழும். பக்கத்துத் திருவிதாங்கூரில் அய்யன்காளி பள்ளிக்கூடக் கதவைத் திறக்கச் சொல்லிப் போராடியதும் இதே ஆண்டுகளில்தான்.

பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பெண்ணும் படித்தார். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் சேர்ந்து வேதியியல் எடுத்தார். அங்கே ஆய்வுக்கூடத்தில் மேல்சாதி ஆசிரியர் ஒருவர் இந்த மாணவிக்குச் சோதனை செய்து காட்ட மறுத்துவிட்டார். மற்ற மாணவர்களுக்குக் காட்டும்போது எட்ட நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார் தாட்சாயணி. அப்படிப் படித்தே 1935இல் பட்டம் வாங்கினார். இந்தியாவிலேயே பட்டம் பெற்ற முதல் தலித் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். ஆசிரியர் பயிற்சியை மூன்று ஆண்டுகள் கழித்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் முடித்தார்.

பட்டம் வாங்கியதும் சாதி விலகி நின்றதா என்றால் இல்லை. திருச்சூர்ப் பக்கம் பெரிங்ஙோட்டுக்கரை பள்ளியில் ஆசிரியை வேலை. பள்ளிக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் வயல், நடுவில் ஒற்றை வரப்பு. எதிரே வந்த மேல்சாதிப் பெண் ஒருவர், தான் போவதற்காக ஆசிரியையைச் சேற்று வயலில் இறங்கச் சொன்னார். தாட்சாயணி இறங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒருவர் வரப்பில் நடக்க உரிமை கேட்க வேண்டியிருந்த காலம் அது. வரப்பையும் சேற்றையும் தெரிந்த நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1940 செப்டம்பரில் அவருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வேலாயுதன், அவரும் தலித் சமூகத்தவர், பொதுப்பணியில் இருந்தவர். வார்தா பக்கம் உள்ள சேவாகிராம ஆசிரமத்தில் காந்தியும் கஸ்தூரிபாவும் முன்னிருக்க நடந்த திருமணம் அது. புரோகிதராக இருந்து நடத்திவைத்தவர் ஒரு தொழுநோயாளி. ஊர் ஒதுக்கிவைத்த ஒருவர் கையால், ஊர் ஒதுக்கிவைத்த சமூகத்தின் பிள்ளைகளுக்குத் திருமணம்.

காந்தியிடம் அவருக்கு இருந்த பற்று கடைசிவரை மாறவில்லை. ஆனால் அது கண்ணை மூடிக்கொண்ட பற்று அல்ல. 1945இல் கொச்சி சட்டசபைக்கு நியமனம் ஆனார். அங்கே பேசிய முதல் பேச்சிலேயே, ஒடுக்கப்பட்டோர் நலனுக்கு அரசாங்கம் ஒதுக்கும் பணம் போதாது என்று சொன்னார். ஹரிஜன் என்ற பெயரையும் விடவில்லை. தீண்டாமை அப்படியே இருக்கும்போது இந்தப் பெயருக்குப் பொருள் கிடையாது, நாய்க்கு நெப்போலியன் என்று பெயர் வைப்பதைப் போன்றது என்றார். காந்தியின் ஆசிரமத்தில் மணமுடித்தவர், காந்தி பரப்பிய பெயரைப் பற்றி இப்படிப் பேசினார்.

அடுத்த ஆண்டே அரசியல் நிர்ணய சபை வந்தது.

இந்தச் சபை எப்படி அமைந்தது என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரர் போகப்போவது உறுதியாகிவிட்டது. போன பிறகு நாட்டை எப்படி ஆளுவது என்று சட்டம் எழுத ஒரு சபை வேண்டும். 1946இல் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு வகுத்த திட்டப்படி, சுமார் 10 லட்சம் மக்களுக்கு ஓர் உறுப்பினர் என்று கணக்கிட்டார்கள். மொத்தம் 389 இடங்கள், அதில் சமஸ்தானங்களுக்கு 93. மதராஸ் மாகாணத்துக்கு மட்டும் 49 இடங்கள். இந்த உறுப்பினர்களை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாகாணச் சட்டசபை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சட்டசபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தவர்களோ சொத்து, வரி, படிப்பு என ஏதாவது ஒன்று இருந்தவர்கள். நிலமில்லாத கூலிக்காரருக்கு அன்று ஓட்டே கிடையாது. அதாவது சேரியில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர், தங்களை ஆளப்போகும் சட்டத்தை எழுதுகிறவர்களைத் தேர்ந்தெடுப்பதில் பங்கே பெறவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் தாட்சாயணி பின்னால் கேட்ட ஒரு கேள்வி விளங்கும்.

கொச்சிக்காரரான அவர் மதராஸ் மாகாணத்திலிருந்து காங்கிரஸ் சார்பில் தேர்வானார். நம் சட்டசபை அனுப்பிய பிரதிநிதி என்பதால் தமிழ்நாட்டுக்கும் அவர்மேல் உரிமை உண்டு. அந்த ஆண்டுகளில் சென்னையில் தி காமன் மேன் என்ற பத்திரிகையின் நிர்வாகப் பொறுப்பையும் அவர் பார்த்துவந்தார்.

1946 டிசம்பர் 9ஆம் தேதி காலை டெல்லியில் சபை முதல்முறையாகக் கூடியது. முஸ்லிம் லீக் வரவில்லை. சமஸ்தானப் பிரதிநிதிகளும் இன்னும் வரவில்லை. மண்டபத்தில் நேரு, படேல், ராஜேந்திர பிரசாத், வங்காளத்திலிருந்து தேர்வாகி வந்திருந்த அம்பேத்கர் எல்லோரும் இருந்தார்கள். சபையின் காலம் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் பெண்கள் 15 பேர். சரோஜினி நாயுடு, விஜயலட்சுமி பண்டிட், ராஜ்குமாரி அம்ரித் கௌர் என்று பெரிய குடும்பத்துப் பெயர்கள் அதில் நிறைய. மதராஸிலிருந்து அம்மு சுவாமிநாதனும் துர்காபாயும் போயிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் 34 வயதில், முளவுகாட்டுப் புலையர் வீட்டுப் பெண்.

பேசப் பயப்படுவார் என்று யாராவது நினைத்திருந்தால் அது பத்தே நாளில் பொய்த்தது. இந்த நாடு எப்படிப்பட்ட நாடாக இருக்கும் என்பதைச் சொல்லும் குறிக்கோள் தீர்மானத்தை நேரு டிசம்பர் 13 அன்று முன்வைத்தார். அதன்மேல் டிசம்பர் 19 அன்று தாட்சாயணி பேசினார். குடியரசு இந்தியாவுக்குப் புதிதல்ல, பழைய லிச்சவிகளிடமே அது இருந்தது என்று தொடங்கினார். அரசியல் நிர்ணய சபையின் வேலை சட்டம் எழுதுவதோடு முடியாது, மக்களுக்குப் புதிய வாழ்க்கைமுறை ஒன்றைத் தர வேண்டும் என்றார். பிறகு எல்லோரும் எதிர்பார்த்த இடத்துக்கு வந்தார். எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். ஏழு கோடி ஹரிஜனங்களைச் சிறுபான்மை என்று சொல்வதை ஏற்க முடியாது என்றார். விதவிதமான பாதுகாப்புகளைக் காட்டிலும், சமூகத் தடைகளை உடனே நீக்குவதுதான் தேவை என்றார். மனசாட்சி தரும் பாதுகாப்பே உண்மையான பாதுகாப்பு என்பது அவருடைய வாதம்.

இதைப் படிக்கும் தலித் இளைஞருக்குக் கோபம் வரலாம். நமக்கும் இந்த இடத்தில் அவரோடு உடன்பாடு இல்லை. மனசாட்சியை நம்பி இரண்டாயிரம் ஆண்டு காத்திருந்த மக்களிடம் இன்னும் கொஞ்சம் நம்புங்கள் என்று சொல்வது எளிதல்ல. ஆனால் அவரை அவசரப்பட்டு ஒதுக்கிவிடவும் முடியாது. ஏன் என்பதற்கு அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாத விவாதத்தைப் பார்க்க வேண்டும்.

1932இல் நடந்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம் ரெட்டமலை சீனிவாசனும் போராடியதன் விளைவாக, ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதியும் இரட்டை வாக்குரிமையும் கிடைத்தன. தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்க ஓர் ஓட்டு, பொதுப் பிரதிநிதிக்கு இன்னோர் ஓட்டு. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இரட்டை வாக்குரிமை போனது, அதற்குப் பதில் சட்டசபைகளில் 148 ரிசர்வ் இடங்கள் வந்தன. ஓட்டு எல்லோரும் சேர்ந்து போடுவது. இந்தக் காயம் ஆறாமலேயே 1947 வந்தது.

நாடு பிரிந்து பத்து நாள்கூட நிம்மதி இல்லை. பஞ்சாபில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் சிறுபான்மையினர் உரிமைகள் பற்றிய அறிக்கையைப் படேல் ஆகஸ்ட் 27 அன்று சபையில் வைத்தார். ரிசர்வ் இடங்கள் உண்டு, ஆனால் தனி வாக்காளர் தொகுதி யாருக்கும் கிடையாது என்பது அதன் சாரம். மறுநாள், மதராஸ் மாகாணத்திலிருந்து வந்திருந்த நாகப்பா என்ற பட்டியல் சாதி உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ரிசர்வ் தொகுதியில் ஜெயித்ததாக ஒருவரை அறிவிக்க வேண்டும் என்றால், பட்டியல் சாதியினர் போட்ட ஓட்டுகளில் 35 சதவீதமாவது அவர் வாங்கியிருக்க வேண்டும் என்பது அது.

எளிமையாகச் சொல்வோம். ஓர் ஊரில் 1000 ஓட்டு. ஊரில் 800, சேரியில் 200. தலைவர் பதவி ரிசர்வ். சேரியிலிருந்து இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் சேரி மக்கள் நம்பும் ஆள். இன்னொருவர் ஊர்ப் பண்ணையார் நிறுத்திய ஆள். சேரியின் 200 ஓட்டில் 190 முதலாமவருக்கு விழுந்தாலும், ஊரின் 800 ஓட்டில் ஜெயிப்பது இரண்டாமவர். பெயர் தலித், பிரதிநிதித்துவம் பண்ணையாருக்கு. நாகப்பாவின் திருத்தம் இருந்தால் அந்த இரண்டாமவர் சேரியில் 70 ஓட்டாவது வாங்கியாக வேண்டும். இதுதான் விஷயம்.

படேல் இதைக் கடுமையாக எதிர்த்தார். அது வியப்பில்லை. தாட்சாயணியும் எதிர்த்தார். ஒரு தலித் பெண், இன்னொரு தலித் உறுப்பினரின் திருத்தத்தை எதிர்த்து எழுந்தார். அவர் சொன்ன காரணம்தான் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. பட்டியல் சாதி மக்கள் பொருளாதாரத்தில் அடுத்தவனுக்கு அடிமையாக இருக்கும்வரை தனித் தொகுதி, கூட்டுத் தொகுதி, இத்தனை சதவீதம் என்று எதைக் கேட்டும் பயனில்லை என்றார். காலையில் யாருடைய வயலில் கூலிக்குப் போக வேண்டுமோ, அவனை மீறி எப்படி ஓட்டுப் போடுவான் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அந்தத் திருத்தம் நிறைவேறவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே 1947இல், சில மாதங்களுக்கு முன், மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்ற நீண்ட மனு ஒன்றை அம்பேத்கர் எழுதி அளித்திருந்தார். தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். அதோடு, விவசாய நிலம் முழுவதையும் அரசே எடுத்துக்கொண்டு, சாதி பார்க்காமல் கிராம மக்களுக்குக் கூட்டுப் பண்ணைகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார். ஓட்டுப் பெட்டியைப் பற்றி அம்பேத்கருக்கும் தாட்சாயணிக்கும் ஒத்துப்போகவில்லை. நிலத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நின்றார்கள். அம்பேத்கர் கேட்டது இரண்டும் கிடைக்கவில்லை. கட்டாய வேலையையும் கூலியில்லா வேலையையும் தடைசெய்யும் பிரிவு அந்த ஆண்டு சபைக்கு வந்தபோது, இது சமூக அமைப்பிலேயே பொருளாதாரப் புரட்சியைக் கொண்டுவரும் என்று தாட்சாயணி வரவேற்றுப் பேசினார். வெட்டிவேலை செய்தே தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்த மக்களிலிருந்து வந்தவர் அந்தப் பிரிவை வேறு எப்படிப் பார்ப்பார்? இன்று அது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு.

நாகப்பாவின் திருத்தம் விவாதிக்கப்பட்ட மறுநாள், ஆகஸ்ட் 29 அன்று, வரைவுக் குழு அமைக்கப்பட்டது. அம்பேத்கர் அதன் தலைவரானார். வங்காளம் பிரிந்ததால் இடத்தை இழந்திருந்தவர், பம்பாயிலிருந்து மறுபடி தேர்வாகி வந்திருந்தார். வரைவு அச்சாகி, 1948 நவம்பர் 4 அன்று சபைக்கு வந்தது. நான்கு நாள் கழித்து நவம்பர் 8 அன்று தாட்சாயணி அதைப் பற்றிப் பேசினார். அம்பேத்கரின் உழைப்பைப் பாராட்டினார், பிறகு குறைகளை எடுத்துவைத்தார். அதிகாரம் எல்லாம் டெல்லியில் குவிகிறது, கீழே போய்ச் சேரவில்லை என்றார். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் இதில் அதிகம் என்பது அன்று சபையில் பலரும் சொன்ன குறை. இந்தச் சட்டத்தைப் பொதுத்தேர்தல் ஒன்றில் மக்கள் முன்வைத்து அவர்கள் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற கோரிக்கைதான் தாட்சாயணியின் பேச்சில் முக்கியமானது. ஓட்டே இல்லாத மக்களுக்காகச் சிலர் கூடி எழுதும் சட்டம் இது, ஓட்டு வந்த பிறகு அவர்களிடமும் ஒருமுறை கேளுங்கள் என்பது அதன் பொருள். அது ஏற்கப்படவில்லை. முதல் பொதுத்தேர்தல் 1951-52இல் நடந்தது, சுமார் 17 கோடிப் பேர் வாக்காளர் ஆனார்கள். ஆனால் சட்டம் அதற்கு முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது.

1948 நவம்பர் 29. வரைவின் 11ஆவது பிரிவு விவாதத்துக்கு வந்தது. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, எந்த வடிவில் கடைப்பிடித்தாலும் குற்றம் என்பதுதான் அந்தப் பிரிவு. இன்று அதைப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் 17ஆவது பிரிவு என்று படிக்கிறோம். தீண்டாமை என்றால் என்ன என்று சட்டம் விளக்கவே இல்லையே என்று சிலர் கேட்டார்கள். நசீருதீன் அகமது ஒரு விளக்கத்தைத் திருத்தமாகவே கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. நமக்குப் படுவதைச் சொன்னால், ஏற்காததே நல்லது. விளக்கம் எழுதினால் அந்த விளக்கத்துக்குள் வராத புதுத் தீண்டாமையை நாளைக்குக் கண்டுபிடிப்பார்கள். இரட்டைக் குவளை போய் பிளாஸ்டிக் டம்ளர் வந்த கதை நமக்குத் தெரியும்.

மதராஸிலிருந்து போன முனுசாமி பிள்ளை அந்தப் பிரிவை ஆதரித்துப் பேசினார். தாட்சாயணியும் பேசினார். சட்டம் எழுதினால் மட்டும் போதாது, மக்கள் நாளை எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான் இந்தப் பிரிவின் உயிர் இருக்கிறது என்றார். சபை கூடிய தொடக்கத்திலேயே தீண்டாமையைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டு நாடு முழுவதும் அறிவித்திருந்தால், இதற்குள் மக்களிடையே ஒரு மாற்றம் தொடங்கியிருக்கும் என்ற வருத்தத்தையும் சொன்னார். அரசாங்கம் பிரசாரம் செய்ய வேண்டும் என்றார். பிரிவு நிறைவேறியதும் மண்டபத்தில் காந்திக்கு ஜே என்று முழக்கம் எழுந்தது. காந்தி இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. வரைவைக் கொண்டுவந்த அம்பேத்கர் அங்கேதான் இருந்தார். அவர் பெயரில் முழக்கம் எதுவும் எழுந்ததாகச் சபைக் குறிப்பில் இல்லை.

சட்டம் 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டது. இரண்டு ஆண்டு பதினோரு மாதம் நடந்த வேலை. வரைவுக்கு அனுப்பப்பட்ட திருத்தங்கள் 7635, சபையில் முன்மொழியப்பட்டவை 2473. முடிவில் 395 பிரிவுகள், 8 அட்டவணைகள். ரிசர்வ் தொகுதிகள் பத்து ஆண்டுக்கு என்று எழுதினார்கள். பத்துப் பத்து ஆண்டாக நீட்டி இப்போது 2030 வரை வந்திருக்கிறது.

தாட்சாயணி நினைத்தது சரியா, தவறா? நம் கண்முன் நடந்ததை வைத்துப் பார்க்கலாம். 1996இல் மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டம் கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டு அங்கே முறையாகத் தேர்தல் நடக்கவில்லை. ஆதிக்க சாதியினர் சொன்னபடி ஒருவர் நின்று, ஜெயித்து, உடனே ராஜினாமா செய்த கூத்தும் நடந்தது. 2006இல்தான் நிலைமை மாறியது. ராஜினாமா செய்தவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கூலியும் குடியிருப்பும் யார் கையில் இருந்தன என்று பார்க்க வேண்டும். மேலவளவில் ரிசர்வ் பதவிக்கு நின்று ஜெயித்து, ராஜினாமா செய்யாமல் நின்ற முருகேசனும் அவருடன் சென்றவர்களும் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

பொருளாதார அடிமைத்தனம் இருக்கும்வரை எந்த ஓட்டுமுறையும் வேலை செய்யாது என்று அவர் சொன்னதற்கு இந்த நான்கு ஊராட்சிகளும் சாட்சி. அதே ஊராட்சிகள் அவருக்கு எதிரான சாட்சியும்தான். நாகப்பா கேட்ட 35 சதவீதம் சட்டத்தில் இருந்திருந்தால், சேரி நம்பாத ஆளைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்து இறக்கியிருக்க முடியாது. ஒதுக்கீடே இல்லாமல் இருந்திருந்தால் முருகேசன் தேர்தலில் நின்றிருக்கவே முடியாது, ஊராட்சி அலுவலக வாசலைக்கூட அந்தத் தெரு மிதித்திருக்காது. நிலம் வரும்வரை ஓட்டுக்குக் காத்திருக்க முடியாது, ஓட்டு வந்ததாலேயே நிலம் வந்துவிடவும் இல்லை. தாட்சாயணி முதல் பாதியைப் பார்க்கத் தவறினார், இரண்டாம் பாதியை மற்றவர்கள் பார்க்கும் முன் பார்த்தார் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். தலித்துகள் எல்லோரும் ஒரே குரலில்தான் பேசுவார்கள் என்று நினைப்பவர்களுக்கு அந்தச் சபையின் நடவடிக்கைக் குறிப்புகளைப் படிக்கச் சொல்ல வேண்டும். நாகப்பா, முனுசாமி பிள்ளை, தாட்சாயணி, அம்பேத்கர் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வாதாடியிருக்கிறார்கள்.

1952 வரை தற்காலிக நாடாளுமன்றத்தில் இருந்தார். கணவர் வேலாயுதனும் அதில் உறுப்பினர் ஆனார். ஒரே மன்றத்தில் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்த தலித் தம்பதி. ஐந்து பிள்ளைகள். மகள் மீரா வேலாயுதன் வரலாற்று ஆய்வாளர், தாயைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்திருப்பதில் பலவற்றை எழுதிவைத்தவர் அவர்தான். முதல் பொதுத்தேர்தலுக்குப் பிறகு தாட்சாயணி அரசியல் மேடையில் அதிகம் தென்படவில்லை. 1971இல் கேரளத்தின் அடூர் தொகுதியில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். சட்டம் எழுதிய கைகளில் ஒன்றுக்கு அந்தச் சட்டத்தின்படி ஓட்டுக் கேட்டபோது இடம் கிடைக்கவில்லை. கேரள அரசு அவர் பெயரில் ஒரு விருதை அறிவித்ததே 2019இல்தான்.

1977இல் டெல்லியில் தலித் பெண்களைக் கூட்டி மகிளா ஜாக்ரிதி பரிஷத் என்ற அமைப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 65 வயது. மறு ஆண்டு ஜூலை 20 அன்று காலமானார்.